ஹூபர்மன்: ஓர் இசைக்குழு பிறந்த கதை

போலந்தின் செஸ்டோஹோவா நகரில் 1882-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் புரோனிஸ்லாவ் ஹூபர்மன். சின்ன வயதிலேயே வயலின் மேதை. 1896-ல் வியன்னாவில் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை வாசித்தபோது அவருக்கு வயது 13. கேட்டவர்களில் பிராம்ஸும் ஒருவர்!

ஊர் ஊராக வாசித்துப் புகழோடும் வசதியோடும் அவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதக் கலைஞர்கள் ஜெர்மன் இசைக்குழுக்களிலிருந்து விரட்டப்பட்டனர். அந்த நேரத்தில் பெர்லினில் வாசிக்க வருமாறு நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் ஹூபர்மனை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். தனக்கு ஒரு மேடை கிடைத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

மறுப்பு மட்டும் போதுமா? வேலை இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழு அமைக்க முடிவு செய்தார். அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. குடியேற அனுமதிச் சீட்டு கிடைப்பது பெரும்பாடு. அதற்காக அதிகாரிகளோடு போராடினார். நிதி திரட்ட ஐன்ஸ்டைனும் உதவினார்.

கலைஞர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகக் கொடுமையான வேலை. உலகத் தரமான குழு வேண்டும் என்பதால் திறமையை மட்டுமே பார்த்தார். தேர்வானவர் குடும்பத்தோடு தப்பினார். தேர்வாகாதவர்? அந்தப் பாரத்தையும் ஹூபர்மன்தான் சுமக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே 1936 பிப்ரவரியில், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வேறொரு வயலினை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, அறையில் வைத்திருந்த 1713-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியஸ் திருடு போனது. அவர் வேலையை நிறுத்தவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று டெல் அவிவில் முதல் கச்சேரி. நடத்தியவர் டோஸ்கனினி, ஒரு காசு கூட வாங்கவில்லை. ஜெர்மனியில் தடை செய்யப்பட்டிருந்த மெண்டல்சனின் இசையும் அன்று ஒலித்தது.

மறு ஆண்டு சுமத்ராவில் நடந்த விமான விபத்தில் கையில் பலத்த காயம். விடாமல் பயிற்சி செய்து மீண்டும் மேடையேறினார். 1947-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

1948-ல் அந்தக் குழு இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆனது. அது பிறந்த அதே 1936-ல் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா, 1977 முதல் 2019 வரை அதன் இசை இயக்குநராக இருந்தார்.

வயலின் என்ன ஆயிற்று? அதைக் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் வைத்திருந்து வாசித்த ஜூலியன் ஆல்ட்மன், 1985-ல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். 2001-ல் அதை வாங்கியவர் ஜோஷுவா பெல். ஹூபர்மன் கைக்கு அது திரும்பவே இல்லை. ஆனால் அவர் காப்பாற்றிய கலைஞர்களின் பேரன் பேத்திகள் இன்றும் வாழ்கிறார்கள். ஒரு கலைஞன் விட்டுச் செல்ல இதைவிடப் பெரிய சொத்து எது?