தெலுக் இந்தானில் அம்மாவுக்கு ஒரு வீடு

தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வயதான தாயாரைத் தெலுக் இந்தானில் குடிவைக்க எண்ணுகிறீர்களா? 1982 வரை தெலுக் ஆன்சன் என்றிருந்த ஊர்தான். 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது போதும். இனித் தரையைப் பாருங்கள்.

பேராக் ஆற்றங்கரைத் தாழ்நிலம் இது. வெள்ளம் எதுவரை ஏறியது என்று தெருவில் உள்ளவர்களைக் கேளுங்கள். ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா? குளியலறைக்குப் படி உண்டா?

அடுத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதியர் சேவை 2014இல் தொடங்கியது. நீங்கள் பார்த்த தெருவுக்கு அது உண்டா என்று விசாரியுங்கள். ஆனால் தாதியர், கவனிப்பவருக்குச் செய்முறை காட்டிவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரத்துக்கு ஆள் வேண்டுமே!

நான் என் தாயாருக்கு வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடித்தேன். ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டார். நான் வேலை முடிந்து வரும்வரை அவர் கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. லயமாக இருந்திருந்தால் பத்து வீட்டார் ஓடி வந்திருப்பார்கள்.

ஆகவே, வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். வாடகையை அப்புறம் பேசலாம்.