ஓடும்போதா, நின்ற பிறகா?

முந்திரித் தோப்பை ஒட்டிய மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு கட்டியிருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் கபடிக்குக் கூட்டம் சேர்க்க மெனக்கெட வேண்டாம். ஒலிபெருக்கியில் அணிகளின் பேரைச் சொன்னாலே போதும். ஷிப்ட் முடிந்து நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வந்தவர்கள் பைக் மேலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் பாடிப் போகிறான். மூச்சு விடாமல் பாட வேண்டும், தொட வேண்டும், திரும்ப வேண்டும். பிடி விழுந்தால் நான்கைந்து பேரின் எடை மார்பின் மேல். ஒவ்வொரு பிடிக்கும் கூட்டத்துப் பெரியவர்கள் சிலர் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். விழுந்தவன் எழுந்தபிறகே சாய்ந்து உட்காருகிறார்கள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த ஆட்டத்தில், பிடியைத் தாண்டிக் குதித்த 22 வயது இளைஞர் எழ முயன்று அப்படியே சாய்ந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இடைவேளை. வேலியோரம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் குந்தியிருக்கிறான். யாரோ சோடா உடைத்துக் கொடுக்கிறார்கள்.

"பசி மயக்கம்தான் மாஸ்டர்."

பயிற்சியாளர் அவன் எதிரில் உட்காருகிறார். "ஓடும்போதே வந்துச்சா, ஓடி முடிச்சு நின்னப்புறம் வந்துச்சா?"

"ஓடும்போதே. போன மாசமும் ஒருக்கா வந்துச்சு."

"வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

"சித்தப்பா. தூங்கறப்பவே. முப்பதுகூட ஆவல."

அவர் பையனின் கையிலிருந்து முழங்கால் உறையை வாங்கித் தன் பைக்குள் வைக்கிறார்.

சரியான இரண்டு கேள்விகள். ஓடி நின்றதும் வரும் கிறுகிறுப்பு பெரும்பாலும் காலில் ரத்தம் தேங்குவதால் வருவது. ஓட்டத்தின் நடுவே நினைவு தப்பினால், இதயத்தின் மின்னோட்டம் தடுமாறியிருக்கலாம். இதயத் தசை தடிப்பதும், ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம் நீள்வதும் குடும்பவழியாக வரக்கூடியவை. பலருக்கு இதைச் சில நிமிட ஈசிஜி காட்டிவிடும். போட்டியில் இறங்கும் வீரர்களுக்கு இத்தாலி 1982 முதல் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம், ஆண்டுக்கு லட்சம் பேரில் 3.6 என்றிருந்தது, இருபத்தைந்து ஆண்டுக்குள் 0.4 ஆகக் குறைந்தது.

சோதனைக்குத் தப்புவதும் உண்டு. அதற்காகத்தான் மைதானத்தில் ஆளும் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். உடனே மார்பை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், பிழைத்தார். மார்புக்குள் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு எட்டே மாதத்தில் மறுபடி ஆடினார். அந்த அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து சதவீதத்தைத் தின்றுவிடும். 108 வரும்வரை காத்திருக்க இதயத்துக்கு நேரமில்லை. விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பரிசுக்கும் வசூல் செய்கிற ஒவ்வொரு விழாக்குழுவும் மின்னதிர்ச்சிக் கருவிக்கும் வசூல் செய்ய வேண்டும். மார்பை அழுத்தத் தெரிந்த இரண்டு பேராவது கோட்டோரம் நிற்க வேண்டும்.

பையனின் அம்மா கூட்டத்தை விலக்கி வருகிறார். "இனிமே இவன் ஆடவே முடியாதா சார்?"

"அப்படிச் சொல்லலம்மா. ஈசிஜி, எக்கோ ரெண்டும் எடுத்துப் பாப்போம். சில கோளாறை முழுசா சரி பண்ணிடலாம். சிலதுக்கு மாத்திரை, சிலதுக்கு ஆட்டத்தைக் குறைச்சுக்கணும். டாக்டர் ஆடலாம்னு சொல்லட்டும், மொத ரெய்டு இவனுக்குத்தான்."

பையன் தலையைத் தூக்கவில்லை. அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்:

"வெறும் வயித்துலயா வரணும்?"

"வேணாம்மா, சாப்பிட்டே வாங்க. காலைல எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். சித்தப்பாவோட பழைய சீட்டு ஏதாவது இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க."