மகளின் விண்ணப்பப் படிவம்



கோயிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு இருக்கும் வேளையில் என்னிடம் பலர் பல கேள்விகள் கேட்பதுண்டு. நீரிழிவு, முழங்கால் வலி, இரத்த அழுத்தம் எல்லாம் பேசி முடித்த ஒரு பெரியம்மா, சென்ற கோடையில் இப்படிக் கேட்டார்: "டொக்ரர் தம்பி, மகள் மெடிசின் எங்கை படிக்கப் போறா? ஓர்ஹூசோ, கொப்பன்ஹேகனோ?"

"மெடிசின் இல்லை அம்மா. பத்திரிகைத் துறை" என்றேன்.

பெரியம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "ஐயோ, பிள்ளைக்குப் புள்ளி காணாமல் போச்சோ?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஓராண்டுக்கு முன் நானும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினேன். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, வெகுசனத் தொடர்பு என்னும் துறைகளில் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்று இப்பொழுது எம்மவரில் வேறு சில பெற்றோரும் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிவு மறைவின்றி எழுதுகிறேன்.

மகள் கிம்னாசியத்தின் கடைசி ஆண்டில் இருந்தாள். புள்ளிகள் நல்லவை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "அப்பா, நான் ஜேர்ணலிசம் படிக்கப் போறன்" என்றாள். நான் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்தேன். காரணம் கேட்டாள். வேலை கிடைக்காது, சம்பளம் குறைவு என்று சொன்னேன். உண்மையான காரணம் அது அல்ல என்பது எனக்கே தெரியும்.

1981-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. எனக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. காலையில் பத்திரிகை வராத அந்த வெறுமை இன்னும் நினைவில் உண்டு. பின்னர் நான் இந்த நாட்டில் வைத்தியனாகி வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், 2000-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19-ஆம் திகதி இரவு, பீ.பீ.சி.க்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகைக்காரர் என்றதும் என் மனத்தில் எழுவது அந்த வீடுதான். இது டென்மார்க் என்று அறிவு சொல்லும். வயிறு கேட்காது.

அந்த மார்கழியில் அவள் கிம்னாசியத்துக்குப் பெரிய ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தது. அவள் எடுத்துக்கொண்ட பொருள் 'தமிழர் வழக்கு'.

இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987-இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி மக்களை இங்கு அழைப்பதற்கான விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டப்படி அக்குடும்பங்களுக்கு வர உரிமை இருந்தது. சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பத்திரிகைகளும் கேள்வி எழுப்பினர். 1989-இல் ஒம்புட்ஸ்மன் கண்டித்தார். எதுவும் மூடி மறைக்கப்படவில்லை என்று பிரதமர் பவுல் ஸ்லூட்டர் அவ்வாண்டு பாராளுமன்றத்தில் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதி மொயன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 சனவரியில் வெளிவந்தது, ஆயிரக்கணக்கான பக்கங்கள். ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. ஒரு சிறிய அகதிக் கூட்டத்தின் கடிதக் கோப்புகளால் ஓர் அரசாங்கமே வீழ்ந்தது.

நான் 1986-இல் தனியாக வந்த பையன். அழைக்க எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஆனால் தபால்காரரை வழிபார்த்து நின்ற அண்ணர்மாரை நான் அறிவேன். மகள் என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு நடந்திருக்கு. ஏன் அப்பா ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை?" என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு அவள் சொன்னாள்: "எனக்குக் கமராவுக்கு முன்னாலை நிற்க ஆசையில்லை. இப்படியான பேப்பர்களைத் தேடி வாசிச்சு எழுதத்தான் விருப்பம்."

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நோயாளியை என்ன செய்கிறது என்று கேட்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. மகளிடம் மட்டும் கேட்காமலே எழுதிவிட்டேன்.

அதன்பின் கலாசாலைகள் பற்றி விசாரித்தோம். மாசி, பங்குனி மாதங்களில் அவை வாசல் திறந்து பெற்றோரையும் வரவேற்கின்றன. அவசியம் போய்ப் பாருங்கள். நாங்கள் அறிந்துகொண்டது இது.

முதலாவது, ஓர்ஹூசில் உள்ள பத்திரிகைக் கல்லூரி. 1946-இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பாகத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் பத்திரிகைத் துறையைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில். இப்போது அது டென்மார்க் ஊடக, பத்திரிகைக் கல்லூரி என்ற பெயரில் கொப்பன்ஹேகனிலும் இயங்குகிறது. பத்திரிகைத் தொழிலோடு புகைப்படம், தொடர்பாடல் முதலியவற்றையும் கற்பிக்கிறார்கள். இங்கே பத்திரிகைப் பிரிவுக்குக் கிம்னாசியப் புள்ளியைப் பார்த்து எடுப்பதில்லை. நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். புள்ளி குறைந்த, ஆனால் எழுத்திலும் உலக நடப்பிலும் நாட்டமுள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி.

இரண்டாவது, ஓடென்சவில் உள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழகமும், ரொஸ்கில்ட பல்கலைக்கழகமும். 1998-இல் இவ்விரண்டிலும் பத்திரிகைப் படிப்புத் தொடங்கும் வரை ஓர்ஹூஸ் கல்லூரிதான் நாட்டுக்கே ஒன்றாக இருந்தது. ரொஸ்கில்ட 1972-இல் நிறுவப்பட்டது. அங்கே பாதி நேரம் மாணவர் குழுவாகச் சேர்ந்து ஆய்வு செய்வதற்கே போகிறது. தனியே இருந்து படித்துப் பழகிய பிள்ளைக்கு இது முதலில் கடினம். வாதாடிப் பழக விரும்பும் பிள்ளைக்குச் சர்க்கரை. ஓடென்சவில் பல்கலைக்கழகப் பாடங்களும் தொழிற் பயிற்சியும் ஒன்றாகச் செல்கின்றன. 1988-இல் தொடங்கிய டி.வி. 2 நிலையத்தின் தலைமையகமும் அந்நகரில்தான்.

மூன்றாவது, ஓர்ஹூஸ், கொப்பன்ஹேகன் முதலிய பல்கலைக்கழகங்களின் ஊடகவியல். இது பத்திரிகைத் தொழில் அன்று. ஊடகங்களைப் பற்றிய கல்வி. திரைப்படம், தொலைக்காட்சி, இணையம் ஆகியவை மக்களை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்வது. மூன்று ஆண்டு இளமாணிப் பட்டமும் அதன்மேல் முதுமாணிப் பட்டமும். செய்தியாளராக விரும்பும் பிள்ளை இதில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் ஏமாறுவதும் உண்டு. ஆராய்ச்சி மனமுள்ள பிள்ளை தொழிற் கல்லூரியில் சேர்ந்து சலிப்பதும் உண்டு. இவ்விரண்டின் வேறுபாட்டைத்தான் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பத்திரிகைப் படிப்பில் ஒரு பகுதி, ஏதேனும் ஒரு செய்தி நிலையத்தில் பல மாதங்கள் சம்பளத்துடன் வேலை பழகுவது. எங்கள் வைத்தியத் துறையில் வார்டில் நின்று பழகுவது போல. கல்லூரியின் பெயரைவிட, அந்தப் பயிற்சிக்குப் பிள்ளையை எப்படி ஆயத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

சில நண்பர்கள் இலண்டனைச் சொன்னார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல் இங்கிருந்து புதிதாகப் போகும் பிள்ளைகள் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமே செலுத்த வேண்டும். இங்கோ எம் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, மாதாந்தம் எஸ்.யூ. உதவிப் பணமும் உண்டு. சென்னையையும் யோசித்தோம், தமிழுக்காக. ஆனால் டெனிஷ் ஆவணங்களை வாசித்து டெனிஷ் மொழியில் எழுத விரும்புகிறவள், தொழிலை அந்த மொழியிலேயே பழகுவது நல்லது. தமிழை நாங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி விண்ணப்பம். எட்டு இடங்கள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். கோட்டா 2-க்கும் நுழைவுத் தேர்வுள்ள படிப்புகளுக்கும் மார்ச் 15 நண்பகல். புள்ளியால் மட்டும் எடுபடும் கோட்டா 1-க்கு யூலை 5 நண்பகல். யூலைக் கடைசியில் பதில் வரும். அனுமதிப் புள்ளி உயர்ந்த படிப்பே சிறந்த படிப்பு என்று நாங்கள் எண்ணுகிறோம். அது பிழை. கடைசியாக இடம் கிடைத்த மாணவரின் புள்ளி அது. இடம் குறைந்து ஆள் கூடினால் ஏறும், அவ்வளவுதான்.

யூலை 4 இரவு மகள் படிவத்தை எனக்குக் காட்டினாள். முதலில் ஓடென்ச, பிறகு ரொஸ்கில்ட, மூன்றாவது ஓர்ஹூஸ் ஊடகவியல். எனக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளை, முதலாவதாக மெடிசினைப் போட்டுப் பார். கிடைக்குதோ எண்டு அறியத்தான். கிடைச்சாலும் நீ மற்றதைப் படிக்கலாம்தானே" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். "அப்பா, மேலை இருக்கிறது கிடைச்சால் கீழை இருக்கிற எல்லாம் தானாக அழிஞ்சு போகும். ஒரு இடம்தான் தருவினம். மெடிசினை முதலிலை போட்டால் எனக்கு மெடிசின்தான் கிடைக்கும்."

இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் எனக்கு இது தெரியாது. என் காலத்தில் நான் ஒன்றே ஒன்றைத்தான் எழுதினேன். இரண்டாவதாக எழுத எனக்கு ஆசை எதுவும் இருந்ததா என்று கூட நான் யோசிக்கவில்லை. ஊரில் அம்மா வைத்தியன் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு நெடுநேரம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். என் தொழிலில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னிடம் எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

காலையில், "நீ எழுதினபடியே அனுப்பு" என்றேன். "பயமில்லையோ அப்பா?" என்றாள். "பயம் இருக்கு. அது என்ரை பயம். உன்ரை படிவத்திலை அதுக்கு இடமில்லை" என்று சொன்னேன்.

ஓடென்ச கிடைத்தது. ஆவணி மாதத்தில் பெட்டிகளோடு கொண்டுபோய் விட்டு வந்தோம். அரிசியும் மிளகாய்த்தூளும் அம்மா கட்டிக் கொடுத்தார். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவள் தொலைபேசி எடுக்கப் பிந்தினால் இன்றும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்தக் கலாசாலை பெரியது என்று கோயிலில் எங்களைக் கேட்கும் முன், எந்த வேலையைச் செய்ய விரும்புகிறாய் என்று வீட்டில் பிள்ளையைக் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் ஊர் தானாகத் தெரியும். உள்ளபடியே விரும்பும் வரிசையில் படிவத்தை எழுதவிடுங்கள்; வரிசையை மாற்றி எழுதுவதால் ஒரு நன்மையும் இல்லை.

பெரியம்மாவுக்கும் நான் அன்றே பதில் சொன்னேன்: "புள்ளி காணும் அம்மா. பிள்ளைக்கு விருப்பம் இதிலைதான்." அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எங்கடை கதைகளையும் எழுதட்டும். சொல்ல எனக்குக் கனக்க இருக்கு" என்றார். மகளுக்கு முதற் செய்தி கிடைத்துவிட்டது.