கிழிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது?



ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தான். கார் கதவின் உள்தகடு அச்சில் அடிக்கும்போது கிழிந்துவிடுகிறதாம். பழி முழுவதும் வெல்டிங் பையன்கள்மேல் விழுகிறதாம். இரண்டு பேருக்கு வேலையே போய்விடும்போல் இருக்கிறது என்றான்.

கதவில் கீல் இருக்கும் பக்கம் பாரம் தாங்க வேண்டும். அங்கே தடித்த தகடு வேண்டும். மற்ற இடத்துக்கு மெல்லியது போதும். அதனால் இரண்டையும் லேசரால் விளிம்போடு விளிம்பு மூட்டி, பிறகு அச்சில் அடிக்கிறார்கள். தி. நகர் டெய்லர் கைலி மூட்டுவதுபோலத்தான். பெயரே 'டெய்லர் வெல்டட் பிளாங்க்'. 1985இல் ஜெர்மனியில் ஆடி 100 காரின் அடித்தளத்துக்குப் போதிய அகலத்தில் தகடு கிடைக்காமல், இரண்டு தகடுகளை இப்படி இணைத்தார்கள்.

வகுப்பில் நாம் செய்ததை நினைவுபடுத்துங்கள். மெல்லிய ரப்பர் பேண்டையும் தடித்ததையும் முடிச்சுப் போட்டு இழுத்தால், மெல்லியதுதான் அதிகம் நீளும். முடிச்சு தடித்த பக்கம் நகரும். அச்சிலும் இதேதான். இழுவையெல்லாம் மெல்லிய தகட்டின் தலையில் விழுகிறது. வெல்டு நன்றாக இருந்தாலும், அதை ஒட்டி மெல்லிய பக்கம் கிழியும்.

ஆகவே கிழிசலின் திசையைப் பாருங்கள் என்றேன். வெல்டுக்கு இணையாக, மெல்லிய பக்கத்தில் ஓடினால், பெரும்பாலும் வெல்டிங்கில் குறையில்லை. வெல்டுக்குக் குறுக்கே வெடித்திருந்தால், அங்கே உலோகம் இறுகி, நீளும் தன்மை குறைந்திருக்கிறது. அப்போது வெல்டைச் சோதிக்கலாம்.

தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் பகுதியையும் பார்க்க வேண்டும். அது சமமாக இருந்தால் தடித்ததை மட்டுமே அழுத்தும். மெல்லியது பிடியில்லாமல் சுருங்கும். தடிமன் வித்தியாசத்துக்கு ஏற்ப அதில் படி வெட்ட வேண்டும். தடித்த பக்கம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால், அந்தத் தகடும் உள்ளே வழுக்கி வரும். மெல்லியதன் சுமை குறையும்.

கழிவுக்குப் போகும் தகடுகளைத் திசைவாரியாகப் பிரித்து எண்ணி, அந்தக் கணக்கோடு மேலாளரிடம் பேசச் சொல்லி அனுப்பினேன்.

இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் பக்கம் அச்சு வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவனும் படிப்பான்.