சுவருக்கும் ஒரு கரை வேணும்

நான் பிறந்ததுல இருந்து நாலு வாடகை வீடு மாறியாச்சு. நாலுலயும் சுவருக்கு என்ன கலர்னு முடிவு பண்ணது ஹவுஸ் ஓனர்தான். ஆணி அடிக்கவே அனுமதி கேட்கணும், இதுல கலரைப் பத்தி எங்க பேசறது? அதனால பாளையங்கோட்டை பக்கத்துல அப்பா லோன் போட்டுக் கட்டின வீடு பெயிண்ட் அடிக்கிற கட்டத்துக்கு வந்தப்போ, எல்லார்கிட்டயும் ஒரு கருத்து இருந்தது. வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச கருத்து.

அக்காவுக்கு வீடு முழுக்க வெளிர் சாம்பல் வேணும், கதவு உட்பட. இன்ஸ்டாகிராம்ல வர்ற வீடெல்லாம் அப்படித்தானே இருக்கு. அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள். அப்பாவுக்கு அழுக்கு தெரியாத எந்தக் கலரும் சரி. ஆச்சிகிட்ட யாரும் கேட்கலை. அவங்களுக்கு அப்போதான் வலது கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. இடது கண்ணு பாக்கி.

ஈ.சி.இ. படிக்கிறேங்கிற ஒரே காரணத்துக்காக 'டெக்னிக்கல்' பொறுப்பு என் தலையில விழுந்தது. படிச்சதுல உருப்படியா தேறினதைச் சொல்றேன், நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

ஃபோனைப் பார்த்து சுவர் கலரை முடிவு பண்ணாதீங்க. ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஒளியைக் கூட்டிக் கலர் காட்டுது. சுவர் அப்படி இல்லை. தன் மேல விழுற வெளிச்சத்துல கொஞ்சத்தை விழுங்கிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதனால பல்பு மாறினா கலரும் மாறும். 2700 கெல்வின் பல்புல லேசா பழுப்பு தட்டுற சாம்பல், 6500 கெல்வின் டியூப்லைட்ல நீலம் அடிக்கும். ஷேட் கார்டுல தீப்பெட்டி அளவுக்கு இருக்கிற கலர், நாலு சுவத்துலயும் ஏறினா இன்னும் அழுத்தமா தெரியும். ஒரு சுவத்துல பட்ட ஒளி எதிர்ச்சுவத்துல பட்டு மறுபடி திரும்புறதுதான் காரணம். சின்ன டப்பா வாங்கி, சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, காய்ஞ்சதும் காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் வேற வேற சுவத்துல ஒட்டிப் பார்க்கறதுதான் நல்ல வழி.

அப்படி நான் ஹால்ல ஒட்டி வெச்சிருந்த பேப்பர் முன்னாடிதான் ஆச்சி வந்து நின்னாங்க. ஒரு கண்ணைப் பொத்தினாங்க. அப்புறம் இன்னொரு கண்ணைப் பொத்தினாங்க.

"ஏட்டி, இந்தக் கண்ணுக்கு வெள்ளையா இருக்கு. அந்தக் கண்ணுக்கு வெந்தயக் கலரா இருக்கு. எது நெசம்?"

என்கிட்ட பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். வயசு ஏற ஏற கண்ணோட லென்ஸ் மஞ்சளாகுது, நீல ஒளியைத் தடுக்குது. புரை வந்தா இன்னும் மோசம். ஓவியர் க்ளாட் மோனேவுக்கும் இதே கதைதான். 1923-ல அவருக்கு வலது கண்ணுல ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி வரைஞ்ச பல ஓவியங்கள்ல சிவப்பும் பழுப்பும் தூக்கலா இருக்கும். ஆச்சி தினமும் ரெண்டு மோனேவா இருந்திருக்காங்க, எங்களுக்குத்தான் தெரியலை.

அடுத்த கேள்வி அக்காவுக்கு. "எல்லாம் ஒரே சாம்பலா இருந்தா கதவு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கரை இல்லாத சேலையை எவ உடுத்துவா?"

யாரும் சிரிக்கலை. போன வருஷம் வாடகை வீட்டுல குளியலறைப் படி தெரியாம விழுந்து ஆச்சிக்கு மணிக்கட்டு உடைஞ்சது. தரையும் வெள்ளை டைல்ஸ், படியும் வெள்ளை டைல்ஸ்.

இன்டீரியர் டிசைன்ல 60-30-10னு ஒரு கணக்கு சொல்வாங்க. 60 பங்கு முக்கியக் கலர், 30 பங்கு துணைக் கலர், 10 பங்கு எடுப்பான கலர். உடல், முந்தானை, கரைன்னு சேலைக்கடையில ஆச்சி பார்க்கிற கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். ஆனா அந்த 10 பங்கை எங்க வைக்கணும்னு ஆச்சிக்குத்தான் சரியா தெரிஞ்சிருந்தது. அழகுக்காக ஒரு சுவத்துல இல்ல, கை பிடிக்கிற இடத்துல, கால் வைக்கிற இடத்துல.

இதுக்கு ஒரு அளவுகோலும் இருக்கு. எல்.ஆர்.வி.ன்னு பேரு. ஒரு கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு சொல்லும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. பிரிட்டன்ல எல்லாரும் புழங்கற மாதிரி கட்டடம் கட்டறதுக்கான வழிகாட்டியில, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பரப்புகளுக்கு நடுவுல 30 புள்ளி வித்தியாசம் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. கலர் பேரை விட இந்த வித்தியாசம்தான் மங்கலான கண்ணுக்கு முக்கியம்.

கடைசியில அக்காவோட சாம்பல் சுவத்துல தங்கிடுச்சு. கதவும் நிலையும் அரக்கு. அம்மாவோட மஞ்சள் சமையலறைக்குப் போச்சு. குளியலறைப் படி விளிம்புல அடர் நீலத்துல ஒரு பட்டை. அது தெரியுதான்னு ஆச்சியோட இடது கண்ணை வெச்சுத்தான் சோதிச்சோம்.

படம் எடுத்துப் போட்டா லைக் வாங்குற வீடு இல்லை இது. ஆனா ஆச்சி இப்போ ராத்திரியில யாரையும் எழுப்பாம தானே எழுந்து போயிட்டு வர்றாங்க.