பயத்தோடு நிறுத்தாதீங்க

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியதை ஹட்டனில் ஒரே போனில் ஏழெட்டுத் தலை முட்டிப் பார்த்தோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கனவு காண அந்த ஒரு செய்தி போதும்.

லயத்து இஸ்தோப்பில் இப்போது பேச்சே காலம் தப்பிய மழையும், வெயிலில் கருகும் கொழுந்தும்தான். பயம் நியாயமானது. ஆனால் பயத்தோடு நிற்காமல் செயலில் இறங்கினால் பலன் உண்டு. ஓசோன் படலத்து ஓட்டையைச் செயற்கைக்கோள்கள் படம்பிடித்துக் காட்டின. அந்தப் படலத்தைக் காக்க 1987இல் மொன்றியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. படலம் இன்று மெல்லத் தேறி வருகிறது. நம் கொழுந்துக்கும் அப்படித்தான்: தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வறட்சி தாங்கும் ரகங்களுக்காக உழைக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் "மலை போச்சு" என்று சொல்லாதீங்க. எந்தச் சரிவில் மானா புல் நட்டால் மண் நிற்கும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்க. அந்தப் பேச்சிலிருந்துதான் நாளைய விஞ்ஞானி வருவாள்.