அம்பா, ஓடமா?

போன மாதம் இளம்பிள்ளையில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓங்கி அடித்த ஓர் அடியில் பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்துத் தறிக்கூடத்தின் சன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. ஒரு பையன் கீழே ஓடி, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "மாமா, ஷட்டிலு வுழுந்துருச்சு!"

உள்ளே நின்றவர் பதறித் தறியை நிறுத்தினார். ஓடுகிற விசைத்தறியிலிருந்து நாடா தெறித்தால் கண் போகும், பல் போகும். குனிந்து தறிக்கு அடியில் தேடினார். பக்கத்துத் தறியைப் பார்த்தார். இரண்டிலும் நாடா அதனதன் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பையன் கையை உள்ளே நீட்டி, "அதில்லீங்க மாமா, எறகு வச்சது" என்றான். பாவுக்கு அடியில், நூல் தூசிக்கு நடுவே, வெள்ளையாகக் கிடந்தது அது.

தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் மரக்கட்டை, தறிக்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது நாடா. உதிரிபாகக் கடையில் போய்க் கேட்கும்போது ஷட்டில். அன்று காலை நான் வந்த பஸ்ஸின் கண்டக்டர்கூட, சேலத்துக்கும் இளம்பிள்ளைக்கும் எத்தனை ஷட்டில் அடித்தோம் என்று டிரைவரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மரக்கட்டை ஒன்று, இறகுப் பந்து ஒன்று, பஸ் ஒன்று. மூன்றுக்கும் பொதுவானது போய்வருதல். அந்தப் போய்வருதலை முதலில் செய்தது தறிதான். ஆங்கிலேயனுக்கும் அந்தச் சொல் தறியிலிருந்து கிளம்பி மைதானத்துக்கும் சாலைக்கும் போனது.

ஆனால் தறிக்கு வருவதற்கு முன் அந்தச் சொல் எங்கே இருந்தது என்று தேடப் போய், இரண்டு இரவுகள் தூக்கம் கெட்டது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்கு எறிகணை, அம்பு என்று பொருள். எய்தலைக் குறிக்கும் ஷூட் என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. ஸ்பானியர் லான்சதேரா என்கிறார்கள், எறிவது என்ற வினையிலிருந்து பிறந்தது. இன்றைய கிரேக்கர் சொல்லும் சைத்தாவும் அம்புதான். பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. நவெத் என்றால் குட்டிக் கப்பல். ஜெர்மானியரும் நெசவாளியின் சிறுகப்பல் என்கிறார்கள். ரஷ்யரின் செல்னோக் மரத்தைக் குடைந்து செய்த தோணி. இவ்வளவு தூரம் போவானேன், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாள நெசவாளிகளுக்கு அது ஓடம்.

ஆக, உலகத்து நெசவாளிகளில் ஒரு பாதி அம்பைப் பார்த்திருக்கிறது, மறு பாதி ஓடத்தை. நான் ஓடத்தின் பக்கம். அம்பு திரும்பி வராது. எய்தவன் அதை மறந்துவிடலாம். நாடா அப்படியில்லை. இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் வயிறு குடைந்து, அந்த வயிற்றில் நூல் சுற்றிய தாரைச் சுமந்துகொண்டு போகிறது. போகிற வழியெல்லாம் தன் சுமையை இழை இழையாக இறக்கிக்கொண்டே அக்கரை சேர்கிறது. மறுபடி இக்கரை. எடப்பாடிக்கு அருகே பூலாம்பட்டியில் காவிரிக் கரையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். விசைப்படகு, விசைத்தறி. இரண்டுக்கும் ஒரே விசையைப் போட்டு வைத்திருக்கிறோம்.

1733-ல் இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர் ஜான் கே, கயிற்றைச் சுண்டினால் தானாக ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் அது பறக்கும் அம்பு. அதை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார்; கால்வாயைத் தாண்டியதும் அது பறக்கும் குட்டிக் கப்பல் ஆகிவிட்டது. சேலத்துக்கு அதைப் பரப்ப 1906-ல் சென்னை மாகாண அரசு அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்டன் அரசுச் செலவில் ஒரு நெசவுச் சாலை வைத்தார். 1910-ல் அது மூடப்பட்டது. சாலை போனாலும் நாடா நிலைத்துவிட்டது. என் தாத்தாவின் குழித்தறியில் இருந்ததும் அந்தக் கயிறு கட்டிய நாடாதான்.

தாத்தா குழியில் கால் விட்டு உட்கார்ந்து, வலது கையால் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார். நாடா 'டக்' என்று அந்தப் பக்கம் போய் நிற்கும். தார் தீர்ந்தால் பாட்டி சுற்றி வைத்த புதுத் தாரை மாட்டுவார். பிறகுதான் நான் காத்திருந்த காரியம். நாடாவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண் இருக்கும். நூல் நுனியை உள்பக்கம் வைத்து, வெளிப்பக்கம் உதட்டைக் குவித்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். நூல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ! எங்களைக்கூட அவர் அத்தனை முறை முத்தமிட்டதில்லை. லங்காஷயர் மில்களில் இதற்கு நாடாவை முத்தமிடுதல் என்றே பெயர் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அங்கே ஒரே நாடாவில் பலர் வாய் வைத்தார்கள், அதனால் நோய் பரவும் என்ற அச்சம் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் அதைத் தடை செய்தது. லங்காஷயரில் தடை வர 1952 ஆயிற்று. தாத்தாவின் நாடாவில் தாத்தாவின் வாய் மட்டும்தான் பட்டது. ஆனாலும் அவர் இருமினார்.

பைபிளில் யோபு துன்பத்தில் புலம்பும்போது, தன் நாட்கள் நெசவாளியின் நாடாவைவிட வேகமாக ஓடிவிட்டன என்று சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பிலும் நாடா என்ற சொல்லே நிற்கிறது. அவை நம்பிக்கை இல்லாமல் முடிவதாக அந்த வாக்கியம் தொடர்கிறது. எபிரேயத்தில் அந்த இடத்தில் வரும் திக்வா என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள் உண்டு, கயிறு, இழை என்றும் பொருள் உண்டு. நாடா ஓடி ஓடி, நூல் தீர்ந்துபோயிற்று என்கிறார் யோபு. தமிழில் நம்பிக்கை வந்து சேர்ந்தது, நூல் விட்டுப்போயிற்று. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கும் பாக்கியம் எல்லா மொழிக்கும் வாய்ப்பதில்லை.

2003 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கல்பனா சாவ்லாவும் கூட இருந்த ஆறு பேரும் முந்தைய நாள் தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது வானத்திலேயே போய்விட்டார்கள். கொலம்பியா விண்வெளி ஓடம் என்று வாசித்தேன். தாத்தா நிறுத்தச் சொன்னார்.

"ஓடம்னா தண்ணியில போறது இல்லியா கண்ணு?"

"இங்கிலீசுல அதுக்கு ஷட்டில்னு பேரு தாத்தா. நம்ம நாடாவுக்கும் அதே பேருதான்."

அவர் பக்கத்தில் கிடந்த நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் தறி நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெகுநேரம் விரலால் அதன் முனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாடான்னு பேரு வச்சா திரும்பி வரணுமில்ல" என்றார்.

அதற்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த ஓடத்துக்கு அந்தப் பெயர் வைத்ததே போய்த் திரும்பி வரும் என்பதால்தான். அதற்கு முந்தைய ராக்கெட்டுகள் எல்லாம் அம்புகள். ஜெர்மானியர் அதைப் பரிசல்துறைத் தோணியின் பெயரால் விண்தோணி என்றார்கள். அரபியர் தறியில் ஓடும் மக்கூக்கையே வானத்துக்கு அனுப்பினார்கள். நமக்கு ஓடம் என்று எழுதியவர் மலையாளத் தறியை நினைத்து எழுதினாரா, காவிரித் துறையை நினைத்து எழுதினாரா தெரியாது. அவர் பேனாவுக்குள் இரண்டும் இருந்தன. 135 முறை போன அந்த ஓடங்கள் 2011-ல் நின்றுவிட்டன.

தறியிலும் நாடா நின்றுகொண்டிருக்கிறது. இப்போது வரும் ரேப்பியர் தறிகளில் நாடாவே கிடையாது. ரேப்பியர் என்றால் மெலிந்த வாள். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு வாள்கள் நீண்டு வந்து, பாவின் நடுவில் சந்தித்து, ஒன்றிடமிருந்து ஒன்று ஊடை நூலை வாங்கிக்கொண்டு பின்வாங்குகின்றன. வேகம் அதிகம், ஆளுக்கு ஆபத்து குறைவு. நாடா தெறித்துக் கண் இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தறியை நான் வரவேற்கத்தான் வேண்டும். இருந்தாலும் அதன் முன் நின்று பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எதுவும் அக்கரைக்குப் போகவில்லை. ஆற்று நடுவில் கைமாற்றிவிட்டு அவரவர் கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அன்று இறகுப்பந்தைத் தறிக்காரர் எடுத்து, ஒட்டியிருந்த நூலை ஊதிவிட்டுச் சன்னல் வழியாகக் கொடுத்தார். சாயங்காலம் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் நாடாவை இறக்கினேன். முனைகளில் இரும்பு துருவேறியிருந்தது, வயிற்றில் பல்லி முட்டை ஓடு. அந்தப் பையனிடம் கொடுத்து, "இதுவும் ஷட்டில்தான்" என்றேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கில் வைத்து மோந்தான். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மெதுவாக உள்ளே விட்டான்.

ஒரு பக்கம் சாய்ந்தபடி மிதந்தது.